‘பிளே’ என்ற ஒரு சொல்லும் சீன மாணவர்களின் பல வினைகளும்

இணையவழியில் சீன மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கியிருக்கும் தமிழ் ஆசிரியை ஒருவர், ‘பிளே’ என்ற சிறிய சொல்லை விளக்க முடியாமல் தவிப்பதாக எழுதியிருக்கிறார். அவருடைய மாணவர்களில் ஒருவருக்கு முப்பது வயது. ‘நேற்று மாலை அலுவலக நண்பர்களோடு பிளே செய்தேன்’ என்று பொருள்பட அவர் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறார். என்ன விளையாட்டு என்று ஆசிரியை கேட்டதற்கு, விளையாட்டு எதுவும் இல்லை, சாப்பிட்டுவிட்டுக் கடைத்தெருவில் நடந்தோம் என்று பதில் வந்திருக்கிறது. அகராதியைத் திறந்தால் பொருள்கள் பக்கக் கணக்கில் நீள்கின்றன, இவற்றில் எதை முதலில் சொல்வது, எதை விடுவது என்பதே அவருடைய கேள்வி.

சீன மொழி பேசும் பெரியவர்களுக்குச் சில ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அகராதியின் பட்டியலை மாணவரிடம் கொடுக்காதீர்கள். அவருக்குப் பொருள் தெரியாமல் இல்லை. ஆங்கிலம் ஒரே வினையால் சொல்லும் செயல்களை அவருடைய மொழி பத்துக்கும் மேற்பட்ட வினைகளால் சொல்கிறது. அந்தப் பத்தும் எப்படிப் பிரிகின்றன என்பதை நீங்கள் தெரிந்துகொண்டால், எங்கே தடுக்கி விழுவார் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். (சீன மொழி என்று இங்கே நான் குறிப்பிடுவது பொதுமொழியாகிய புதொங்குவாவை. அதன் மூச்சொலி வேறுபாடுகளையும் தொனிகளையும் நம் எழுத்தில் காட்ட முடியாது. ஆகவே கீழே வரும் ஒலிப்புகளைத் தோராயமானவையாகக் கொள்ளுங்கள்.)

கூடைப்பந்து, கைப்பந்து, பூப்பந்து, மேசைப்பந்து எல்லாவற்றுக்கும் சீனத்தில் ‘தா’ என்ற வினை வரும். அதன் அடிப்படைப் பொருள் அடித்தல். கால்பந்துக்கு அது வராது, உதைத்தல் என்று பொருள்படும் ‘தீ’ வரும். சதுரங்கத்துக்கும், கறுப்பு வெள்ளைக் காய்களைப் பலகையில் வைத்து ஆடும் வெய்ச்சிக்கும், காயைக் கீழே வைப்பதால், ‘ஷியா’ என்ற இறக்குதல் வினை. சீட்டுக்கும், சிறு கட்டைகளை வைத்து ஆடும் மாஜாங்குக்கும் மறுபடியும் ‘தா’. ஷாங்காய்ப் பக்கத்தில் மாஜாங் கட்டைகளைத் தேய்த்துக் கலைப்பதை வைத்துத் தேய்த்தல் என்ற வினையையும் சொல்வார்கள். இசைக்கருவிகளுக்கு வந்தால் பகுப்பு இன்னும் தெளிவாகிறது. பியானோ, கித்தார், சீன நரம்புக்கருவியாகிய பீபா ஆகியவை விரலால் இயங்குவதால் அவற்றுக்கு ‘தான்’. வயலினும், எர்ஹூ என்ற சீன நரம்புக்கருவியும் வில்லால் இழுக்கப்படுவதால் ‘லா’, கடைக் கதவுகளில் ‘இழுக்கவும்’ என்று எழுதியிருக்குமே, அதே சொல். காற்றுத்துருத்தியை இழுத்து வாசிக்கும் அக்கார்டியனும் இந்தக் கணக்கில் வயலினோடு சேர்ந்துவிடுகிறது. குழலுக்கு ஊதுதல், முரசுக்கு அடித்தல். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான ‘யென்ட்ஸோவ்’ என்ற சொல்லும் உண்டு, ஆனால் அது மேடைக்கும் செய்தித்தாளுக்கும் உரிய நடை. வீட்டில் பிள்ளையைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்வதில்லை.

தமிழ் ஆசிரியருக்கு இதில் ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. யாழை மீட்டுகிறோம், குழலை ஊதுகிறோம், பறையை அடிக்கிறோம், தவிலைக் கொட்டுகிறோம். ‘வாசித்தல்’ என்ற பொதுச்சொல் நம்மிடமும் உண்டு என்றாலும், கையும் மூச்சும் செய்யும் வேலையைப் பார்த்து வினையைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் நமக்கு அந்நியமானதன்று. பந்தல்லாத ஆட்டங்களிலும் அப்படியே. பட்டம் விடுகிறோம், பம்பரம் விடுகிறோம், தாயக்கட்டை உருட்டுகிறோம், ஊஞ்சல் ஆடுகிறோம். பட்டத்துக்குச் சீனர் சொல்லும் ‘ஃபாங்’ என்ற வினையும் விடுதல் என்றே பொருள்படும். ‘தா’ எவ்வளவு தூரம் பரவும் என்பதைப் புரிந்துகொள்ள நம்முடைய ‘அடி’ போதும். மணி அடிக்கிறோம், பெயிண்ட் அடிக்கிறோம், டைப் அடிக்கிறோம், விசில் அடிக்கிறோம். சீனரும் தட்டச்சு செய்வதற்குத் ‘தா’ என்பார்கள், தொலைபேசியில் அழைப்பதற்கும், குடை பிடிப்பதற்கும், வாடகைக் கார் பிடிப்பதற்கும் அதே சொல்லைச் சொல்வார்கள். ஆங்கிலத்தை மட்டுமே அறிந்த ஆசிரியர் நெடுநேரம் விளக்க வேண்டியதை நீங்கள் உங்கள் மொழியிலிருந்தே உணர முடியும்.

ஆகவே மாணவரிடம் முதலில் சொல்ல வேண்டியது, ஆங்கிலம் இங்கே கையையும் காலையும் பார்ப்பதே இல்லை என்பதுதான். உதைத்தாலும் ஊதினாலும் இழுத்தாலும் ஒரே சொல். அப்படியானால் அது எதைப் பார்க்கிறது? ஒரு செயலை ஒற்றை அசைவின் பெயரால் சொல்லிவிட முடியாதபோது, அந்த அசைவுகளை விதியோ இசைக்குறிப்போ நாடக வசனமோ கட்டி நடத்தும்போது, அந்த முழுமைக்கு ஆங்கிலம் ‘பிளே’ என்று பெயர் வைக்கிறது. பந்தை உதைப்பது மட்டும் கால்பந்து ஆகாது. உதைப்பவருக்கு எதிரணி வேண்டும், கோடு வேண்டும், கணக்கு வேண்டும். பியானோவின் கட்டைகளை அழுத்துவது மட்டும் இசை ஆகாது. நீச்சல் அப்படியில்லை, நீந்துவதே நீச்சல், ஓடுவதே ஓட்டம். அவற்றுக்குத் தமக்கென வினை இருப்பதால், போட்டியும் விதியும் இருந்தாலும் ‘பிளே’ அங்கே நுழைவதில்லை. இது எல்லா இடத்துக்கும் பொருந்தும் இலக்கண விதி அன்று, ஆனால் மாணவர் தாமே முடிவெடுக்க இதைவிட நல்ல கைப்பிடியை நான் கண்டதில்லை.

இதைச் சொல்லும்போது, மெதுவான அசைவுகளால் ஆன சீன உடற்பயிற்சிக் கலையாகிய தாய்ச்சியை மறக்க வேண்டாம். சீனத்தில் அதற்கும் ‘தா’ வருவதால், கூடைப்பந்தின் பழக்கத்தில் மாணவர் ‘பிளே தாய்ச்சி’ என்று எழுதுவார். எதிராளியோ மதிப்பெண்ணோ இல்லாத பயிற்சிகளுக்கு ஆங்கிலம் ‘டூ’ அல்லது ‘பிராக்டிஸ்’ என்ற வினையைத் தருகிறது. யோகாவுக்கும் அதுதான். அந்தக் கலையைப் பயில்வோர் சிலர் சீன வழக்கை ஒட்டி ஆங்கிலத்திலும் ‘பிளே’ என்பதுண்டு என்றாலும், தேர்வு எழுதும் மாணவருக்கு அது உதவாது.

‘பிளே’யின் வேரும் இந்த விளக்கத்துக்குத் துணை நிற்கிறது. பழைய ஆங்கிலத்தில் அதன் முன்னோடிச் சொல் விரைந்து அசைதலையும் உடலைப் பயிற்றுதலையும் குறித்தது. போரை ‘வாளாட்டம்’ என்று பொருள்படும் கூட்டுச்சொல்லால் அக்காலக் கவிஞர்கள் சொன்னார்கள். நம்முடைய ‘ஆடு’ என்ற வினையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிளை ஆடுகிறது, நடன மங்கை ஆடுகிறாள், சீட்டு ஆடுகிறார்கள், நீராடுகிறார்கள், போராடுகிறார்கள். அசைவில் பிறந்து விளையாட்டுக்கும் கலைக்கும் போருக்கும் கிளைத்த சொல் நம்மிடமும் இருப்பதால், தண்ணீரின் மேல் வெளிச்சம் ‘பிளே’ செய்கிறது என்ற ஆங்கில வரி நமக்கு வியப்பளிப்பதில்லை. ‘விளையாடு’ என்ற சொல்லை மட்டும் நினைத்துக்கொண்டு விளக்கத் தொடங்கினால்தான் நாமே குறுகிய வழியில் மாட்டிக்கொள்கிறோம்.

இனி அந்த முப்பது வயது மாணவரின் வாக்கியத்துக்கு வருகிறேன். என் அனுபவத்தில் சீன மாணவர்களின் ‘பிளே’ பிழைகளில் பெரும்பகுதி இந்த ஒரே இடத்தில் விளைகிறது. ஆகவே ஒரு பாடவேளை முழுவதையும் இதற்கே கொடுத்தாலும் தகும்.

சீனத்தில் ‘வான்’ என்று ஒரு வினை இருக்கிறது. பள்ளியில் ‘பிளே’ என்றால் ‘வான்’ என்றுதான் முதல் நாளில் மனப்பாடம் செய்கிறார்கள். குழந்தை பொம்மையோடு விளையாடுவதற்கும் கணினி விளையாட்டுக்கும் அது சரியாகவே பொருந்துகிறது. ஆனால் ‘வான்’ பெரியவர்களுக்கும் உரிய சொல். ‘ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வான் செய்ய வாருங்கள்’ என்றால், வந்து பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போங்கள் என்று பொருள். ‘பெய்ஜிங்குக்கு வான் செய்யப் போகிறோம்’ என்றால் ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்று பொருள். எழுபது வயதுப் பாட்டியும் இதைச் சொல்லலாம், அதில் சிறுபிள்ளைத்தனம் ஏதுமில்லை. வேலையும் கடமையும் அல்லாத, மனம் தளர்ந்து செலவழிக்கும் பொழுது முழுவதையும் அந்தச் சொல் தழுவிக்கொள்கிறது.

அந்த எழுத்தின் பிறப்பு அழகானது, அதை அறிந்தால் இந்தப் பரப்பும் விளங்கும். கி.பி. 100ஆம் ஆண்டையொட்டி ஷு ஷென் தொகுத்த ‘ஷுவோவென் ஜியெட்ஸு’ என்ற பழம்பெரும் எழுத்தகராதி, ‘வான்’ என்ற எழுத்தைப் பச்சைமணிக்கல்லின் குறியோடு சேர்த்து வகைப்படுத்தி, ‘நொங்’ என்ற சொல்லால் அதற்குப் பொருள் சொல்கிறது. ‘நொங்’ என்பதற்கோ, இரண்டு கைகள் பச்சைக்கல்லை ஏந்தியிருக்கும் வடிவம் என்று விளக்கம் தந்து, ‘வான்’ என்றே பொருள் கூறுகிறது. ஆகவே அதன் உள்ளே இருப்பது ஓடியாடும் குழந்தை அன்று, அழகிய கல்லைக் கையில் வைத்து உருட்டி மகிழும் மனிதர். பழம்பொருள்களைச் சீனர் இன்றும் ‘கூவான்’ என்று அழைப்பதில் அந்தக் கை அப்படியே இருக்கிறது. கைப்பேசியைச் சும்மா வைத்துக்கொண்டிருப்பதை அவர்கள் ‘வான்’ என்று சொல்வதும் இதனால்தான். அதற்கு நம் பேச்சுவழக்கில் ‘போனை நோண்டுதல்’ என்ற அருமையான சொல் இருக்கிறது. மாணவர் இதை அப்படியே பெயர்த்து ‘பிளே மை ஃபோன்’ என்று எழுதுவார். ஆங்கிலத்தில் ‘போனில் இருக்கிறேன்’ என்ற அமைப்பே இயல்பு.

ஆங்கிலத்தில் வயதுவந்த ஒருவரை எழுவாயாக வைத்து, என்ன விளையாட்டு என்று சொல்லாமல், ‘நண்பர்களோடு பிளே செய்தேன்’ என்றால் கேட்பவர் மனத்தில் மணல்வீடு கட்டும் பிள்ளைகளே தோன்றுவார்கள். சில சூழல்களில் மாணவர் கனவிலும் நினைக்காத பாலியல் உட்குறிப்பும் வந்துவிடும். இதை மறைக்காமல், மாணவருக்குக் கூச்சம் ஏற்படாத விதத்தில் சொல்லிவிடுவது ஆசிரியரின் கடமை என்றே நினைக்கிறேன். அலுவலகத்தில் தமக்குப் பின்னால் ஏன் சிரித்தார்கள் என்று தெரியாமல் அவர் குழம்புவதைவிட அது நல்லது. இங்கே தமிழ் சீனத்தோடு நிற்காமல் ஆங்கிலத்தோடு நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். ‘நேற்று நண்பர்களோடு விளையாடினேன்’ என்று ஒரு பெரியவர் சொன்னால், கிரிக்கெட்டா, கேரமா என்றுதான் நாமும் கேட்போம்.

எனவே தனித்து வரும் ‘வான்’ ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் வேறு வினை தேடப் பழக்குங்கள். நண்பர்களோடு பொழுது போக்கியதற்கு ‘ஹேங் அவுட்’ அல்லது ‘ஸ்பெண்ட் டைம்’. வீட்டுக்கு வரச் சொல்வதற்கு ‘கம் ஓவர்’. ஊர் பார்ப்பதற்கு ‘விசிட்’. போய்வா, மகிழ்ச்சியாக இரு என்று வழியனுப்புவதற்கு ‘ஹேவ் ஃபன்’. இவற்றில் எதிலும் ‘பிளே’ இல்லை. இந்த நான்கையும் எழுதவைத்துவிட்டாலே பாதிப் பாரம் இறங்கிவிடும்.

‘வான்’ முழுவதும் பகைச்சொல் என்றும் மாணவர் எண்ணிவிடக் கூடாது. நெருப்போடு விளையாடுபவன் தன்னையே எரித்துக்கொள்வான் என்ற சீனத் தொடரில் ‘வான் ஹுவோ’ என்றே வருகிறது. ஆங்கிலமும் அங்கே ‘பிளே’ என்கிறது, நாமும் ‘நெருப்போடு விளையாடாதே’ என்கிறோம். ஒருவருடைய உணர்வுகளோடு விளையாடுவதிலும் மூன்று மொழிகளும் ஒன்றுபடுகின்றன.

நாடகம் என்ற பொருளைச் சொல்லும்போது மாணவரின் முகம் மலர்வதைப் பார்க்கலாம், ஏனென்றால் பாலம் அவருடைய மொழியிலேயே இருக்கிறது. விளையாட்டு ‘யோவ்ஷீ’, நாடகம் ‘ஷீஜூ’. இரண்டிலும் வருவது ஒரே ‘ஷீ’ எழுத்து. சர்க்கஸுக்கு அவர்கள் சொல்லும் ‘மாஷீ’ என்பதில் குதிரையோடு அதே ‘ஷீ’ சேர்ந்திருக்கிறது. ஆட்டத்தையும் அரங்கையும் ஆங்கிலம் ஏன் ஒரே சொல்லில் வைக்கிறது என்று கேட்கும் சீன மாணவரிடம், உங்கள் எழுத்தும் அதையே செய்திருக்கிறதே என்று காட்டினால் போதும். நாமும் தெருக்கூத்து என்கிறோம், வீட்டில் பிள்ளைகள் ‘கூத்தடிக்கிறார்கள்’ என்கிறோம். இலக்கணத்தில் ஒன்றைமட்டும் சேர்த்துச் சொல்லுங்கள். நாடகம் என்ற பொருளில் அந்தப் பெயர்ச்சொல் எண்ணத்தக்கது, ஒன்று, இரண்டு என்று வரும். குழந்தைகளின் விளையாட்டு என்ற பொதுப் பொருளில் எண்ணத்தக்கதன்று.

சொல்லை மொழிபெயர்க்காமல் விட்டுவிட்ட ஒரு புகழ்பெற்ற நிகழ்வும் இங்கே நினைவுகூரத் தக்கது. 1920களில் எழுத்தாளர் லின் யூதாங் சீன எழுத்துலகில் ‘ஃபேர் பிளே’ என்ற ஆங்கிலக் கருத்தை முன்வைத்தபோது, அதற்கு எதிராக மற்றொரு புகழ்பெற்ற எழுத்தாளரான லூ சுன் 1925இல் ஒரு கட்டுரை எழுதினார். அதன் தலைப்பில் அந்தத் தொடரைச் சீன எழுத்துகளில் ‘ஃபெய்-அ-போ-லாய்’ என்று ஒலிபெயர்த்தே வைத்தார். தண்ணீரில் விழுந்த நாயை அடிக்கலாகாது என்ற பெருந்தன்மைக்குச் சீனத்தில் இன்னும் காலம் வரவில்லை என்பது அவருடைய வாதம். விளையாட்டுத் திடலின் நேர்மையை வாழ்க்கைக்கு எடுத்துச்செல்லும் அந்தப் பொருள் அன்று ‘வான்’ என்ற சொல்லிலும் ‘தா’ என்ற சொல்லிலும் அடங்கவில்லை. இன்று ‘நியாயமான போட்டி’ என்று பொருள்படும் சொல்லால் அதைச் சொல்கிறார்கள். படித்த மாணவர்கள் பலருக்கு இந்தக் கட்டுரை தெரிந்திருக்கும். அவர்களுக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து அவர்களை ஆங்கிலத்துக்கு அழைத்துவருவதில் தனி மதிப்பு இருக்கிறது.

‘பிளே’க்குப் பின்னால் மனிதர் செயப்படுபொருளாக வந்தால் எச்சரிக்கை தேவை. ‘ஹூ ஆர் யூ பிளேயிங்?’ என்று நடிகரிடம் கேட்டால், எந்தப் பாத்திரம் ஏற்கிறீர்கள் என்று பொருள். அதையே ஆட்டக்காரரிடம் கேட்டால், யாருக்கு எதிராக ஆடுகிறீர்கள் என்று பொருள். ‘இந்தியா ஆஸ்திரேலியாவை பிளே செய்கிறது’ என்ற அமைப்பு சீனருக்கு மிகவும் விசித்திரமாகப் படும். சீனத்தில் ‘அவரோடு போட்டியிடுதல்’ என்றே சொல்ல வேண்டும். தொடக்கத்தில் ‘அகெய்ன்ஸ்ட்’ சேர்த்து எழுதப் பழக்குவது நல்லது. நடிப்புக்குச் சீனத்தில் ‘யென்’ என்ற தனி வினை இருப்பதால், அந்தப் பொருள் எளிதில் பதிந்துவிடும்.

பாட்டும் படமும் எளிதானவை. பட்டம் விடுவதற்கு வந்த அதே ‘ஃபாங்’, பாட்டுப் போடுவதற்கும் வரும். நாம் ‘போடு’ என்பதற்கும் அவர்கள் ‘விடு’ என்பதற்கும் தூரம் அதிகமில்லை. ஆனால் ‘பாட்டு ஓடுகிறது’ என்று நாம் சொல்வதுபோல, பாட்டையே எழுவாயாக்கி ‘மியூசிக் இஸ் பிளேயிங்’ என்று ஆங்கிலம் சொல்வதைத் தனியாகப் பயிற்றுவிக்க வேண்டும்.

‘முக்கியப் பங்கு வகிக்கிறது’ என்பதற்கான ஆங்கிலத் தொடரை மாணவர்கள் ஏற்கெனவே நன்றாக அறிவார்கள், அளவுக்கு மீறி அறிவார்கள். தேர்வுக் கட்டுரைகளில் இணையம், கல்வி, குடும்பம் எல்லாமே வாழ்க்கையில் முக்கியப் பங்கு வகிக்கும். அதைச் சொல்லித்தருவதைவிட, ஒரு கட்டுரைக்கு ஒருமுறைக்கு மேல் எழுதாமல் தடுப்பதே உங்கள் வேலையாக இருக்கும்.

பொறியியல் மாணவர் என்றால் இன்னொரு பொருளையும் சொல்லிவையுங்கள். ஸ்டியரிங்கில் ‘பிளே’ இருக்கிறது என்று நம்மூர் மெக்கானிக் சொல்வாரே, உறுப்புகளுக்கு இடையே தளர்வாக அசைய இருக்கும் சிறு இடைவெளி, அதற்குப் பேரிங்குகளைப் பொறுத்தவரை சீனத்தில் வழங்கும் சொல்லும் ‘யோவ்ஷீ’. விளையாட்டு என்று பொருள்படும் ‘யோவ்ஷீ’யோடு ஒலியிலும் தொனியிலும் ஒன்று, இரண்டாம் எழுத்து மட்டும் இடுக்கு என்று பொருள்படும் வேறு எழுத்து. வெறும் தற்செயல்தான் என்றாலும், ஒருமுறை சொன்னால் மாணவர் மறக்கவே மாட்டார்.

சீனத்தில் ‘த’, ‘எ’ போன்ற ஆங்கிலச் சுட்டடைகள் கிடையாது. ஆகவே விளையாட்டின் பெயருக்கு முன்னால் ஒன்றும் வேண்டாம், கருவியின் பெயருக்கு முன்னால் ‘த’ வேண்டும் என்று பள்ளியில் கற்பிப்பார்கள். தொடக்கநிலைக்கு அது போதும். அமெரிக்கர் பலர் ‘பிளே பியானோ’ என்றும் சொல்வார்கள் என்பதைப் பின்னர் தெரிவிக்கலாம்.

வகுப்பில் நான் செய்வதைச் சொல்லி முடிக்கிறேன். முதலில் சீனத்திலேயே பத்து வாக்கியங்களை, வினையின் இடத்தைக் காலியாக விட்டுக் கொடுப்பேன். மாணவர் ‘தா’, ‘தீ’, ‘லா’, ‘ஷியா’ என்று நிரப்புவார். அடுத்து, எந்த வரிகளில் விளையாட்டின் பெயரோ கருவியின் பெயரோ இருக்கிறதோ அவற்றில் மட்டும் சீன வினையை அடித்துவிட்டு ‘பிளே’ எழுதச் சொல்வேன். தாய்ச்சி வரிக்கு ‘டூ’ என்று நானே எழுதிக்காட்டுவேன். எஞ்சி நிற்கும் ‘வான்’ வரிகளுக்கு அவரே வேறு வினை தேட வேண்டும். இதை இரண்டு முறை செய்தபின், அந்த முப்பது வயது மாணவர் மறுபடியும் ‘நண்பர்களோடு பிளே செய்தேன்’ என்று எழுதினால் திருத்த வேண்டாம். ‘பந்தா, சீட்டா, மாஜாங்கா?’ என்று மட்டும் கேளுங்கள். மூன்றும் இல்லை என்று சொல்ல வாயெடுக்கும்போதே அவர் கை அந்தச் சொல்லை அடித்துக்கொண்டிருக்கும்.